பெனாயா மாமாவின் தண்ணீர்

தர்ஸ்டே தீவு
ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்பு மகள் ரோடாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே சுகமாய் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் தினமும் படுக்கப் போகிறேன், அந்த நம்பிக்கை சரிதான் என்று இரண்டு வரி எழுதிப் போடு. இங்கே ஆண்டவர் தயவில் எல்லோரும் சுகம், வெயிலைப் பற்றி மட்டும் நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தென்கிழக்குக் காற்று அடங்கிவிட்டது, கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடக்கிறது, மழைக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது, இருட்டினால் குழாயை அடைத்துவிடுகிறார்கள், பகலில் வருகிற தண்ணீரும் வெந்நீராகத்தான் வருகிறது. ஹோபார்ட்டில் உனக்கு விரல் விறைக்கிறது என்று எழுதியிருந்தாய், எனக்கு இங்கே வேர்வையில் பேனா வழுக்குகிறது. கடிதத்தை ஆரம்பித்ததிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, எழுந்து போய் வேலியைப் பார்க்கிறேன், வந்து உட்காருகிறேன், மறுபடி எழுந்து போகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ எப்படியிருக்கேம்மா என்று கேட்டதும் நல்லாயிருக்கேன் என்று வாயில் வந்துவிடுகிறது, அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது, சொல்ல வேண்டியதெல்லாம் பாக்கி நிற்கிறது. எழுதினால்தான் வரும். ஆஸ்பத்திரியில் இரவு வேலை இன்னும் உண்டா? வேலை முடிந்து வந்ததும் எதையாவது சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் படு, ரொட்டியைக் கடித்துக்கொண்டே தூங்கிவிடாதே.

முதலில் அப்பாவின் கல்லறைக் கல் விஷயம். கல் சரக்குப் படகில் வந்து இறங்கிவிட்டது. உன் பெனாயா மாமா அதைத் தன் வண்டிக் கொட்டகையில் கம்பளி சுற்றி வைத்திருக்கிறார், யாரையும் கிட்டே விடுவதில்லை, நாய்கூட அந்தப் பக்கம் போகக் கூடாது. கல் திறப்பு அடுத்த மாதம் மூன்றாவது சனிக்கிழமை என்று முடிவாகிவிட்டது, நீ டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். அன்றைக்குக் கல்லைப் போர்த்துகிற துணி நீலம், உன் திர்சா அத்தை தேர்ந்தெடுத்தது. நம் வீட்டார் எல்லோருக்கும் ஒரே பூப்போட்ட துணியில் உடுப்பு, அதையும் அத்தைதான் தைக்கிறாள், உன் அளவைக் கேட்டு என்னை நச்சரிக்கிறாள், பழைய அளவே போதும் அண்ணி என்றால், "ஆஸ்பத்திரிச் சோறு தின்னு எப்படி ஆயிருக்காளோ, யாரு கண்டா" என்கிறாள். மண்ணடுப்புக்குக் குழி எங்கே தோண்டுவது, விருந்துக்கு ஆமை பிடிக்க யார் போவது, துணியை விலக்கும்போது யார் எங்கே நிற்பது, எல்லாவற்றையும் மாமாவும் அவரோடு சேர்ந்த ஆண்களும் பேசி முடித்துவிட்டார்கள். அடக்கத்திலிருந்து கல் திறக்கிற வரைக்கும் எல்லாக் காரியத்தையும் இறந்தவரின் மச்சான்மார்தான் செய்ய வேண்டும், நாம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், துக்கத்தில் இருக்கிறவர்கள் பாரம் தூக்கக் கூடாதென்று முன்னோர்கள் அன்போடு வைத்தது, குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ரோடா, இரண்டு வருஷமாக மற்றவர்கள் உழைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை. கை எதையாவது தேடிக்கொண்டே இருக்கிறது. அரிசியில் கல் இல்லை என்று தெரிந்தும் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அத்தை கேர்ன்ஸிலிருந்து பெட்டி பெட்டியாகப் பிளாஸ்டிக் பூ வரவழைத்திருக்கிறாள். எல்லோரும் வைப்பதுதான், வெயிலில் வாடாது, எனக்குத்தான் மனம் ஒட்டவில்லை. வேறு பூவுக்கும் வழியில்லை, ஈழத்தலரி இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கிறது, செம்பருத்தி மொட்டிலேயே சுருண்டு விழுகிறது. வேலியோரம் இருக்கிற காகிதப்பூ ஒன்றுதான் இந்த வறட்சியைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்த செடி. இப்படி ஆகும் என்று தெரிந்துதான் போன மழைக்காலம் முடிந்ததுமே அத்தையிடம் போய், பூ மட்டும் என் வேலியிலிருந்து வரட்டும் அண்ணி, கல்லறை வாசலிலிருந்து கல் வரைக்கும் நான் பரப்பிவிடுகிறேன் என்று கேட்டேன். நான் வாய்விட்டு ஒன்றைக் கேட்டதே அவளுக்கு ஆச்சரியம். சரி என்றாள். ஆனால் பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை. "பூக்கலேன்னா?" என்றாள். பூக்கும் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பாவின் நாளில் என் கையால் ஆகிற காரியம் அது ஒன்றுதான், அதற்கு வாக்கும் கொடுத்துவிட்டேன்.

நம்பிக்கையோடுதான் கொடுத்தேன். பூத்து ஓய்ந்த கிளைகளின் நுனியையெல்லாம் வெட்டிவிட்டேன், எரு எதுவும் போடவில்லை, இலை தொங்குகிற வரைக்கும் தண்ணீர் காட்டவில்லை. காகிதப்பூவுக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் அது கொடியை நீட்டிக்கொண்டு இலை விட்டுக்கொண்டு சுகமாக இருந்துவிடும், வேர் காய்ந்து, இனி பிழைப்பில்லை என்று அதற்குத் தோன்றினால்தான் நிறத்தை வெளியே எடுக்கும். நாம் பூ என்று சொல்வதும் பூவில்லை, நிறம் மாறின இலைதான், உள்ளே வெள்ளையாக ஊசிமுனை மாதிரி இருப்பதுதான் நிஜப் பூ. இதை என் வகுப்பில் சொன்னபோது ஒருத்தன் எழுந்து, "டீச்சர், அப்ப மத்ததெல்லாம் சட்டையா?" என்று கேட்டான். அவனுக்குப் புரிந்தது இங்கே பெரியவர்கள் யாருக்கும் புரியவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்க்கிறேன், செடியைச் சுற்றி மண் ஈரம். பெனாயா மாமா பிக்கப் வண்டியில் டிரம்மோடு வந்து, ஹோஸைச் செருகி, தன் வீட்டுத் தொட்டியில் மிச்சமிருக்கிற மழைத் தண்ணீரை நம் வேலிக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் தொப்பியைத் தூக்கி, "எலையெல்லாம் தொங்கிப்போச்சு பாரு லோயிஸ், எம் மச்சான் வீட்டு வேலி காயறத ஊரு பாக்கணுமா, நான் உசுரோட இருக்கையில" என்றார். அந்த நேரத்திலேயே வேண்டாம் அண்ணா என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் செய்கிற மச்சானை இப்படிச் செய் அப்படிச் செய் என்று திருத்தினால், உன் வேலை எங்களுக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்ததாக ஆகிவிடும், உனக்குத் தெரியாததில்லை. அதுவும் அவர் வீட்டில் குளிக்கிறதுக்கே அளந்து மொள்ளுகிற சமயம். நான் என்ன செய்தேன் தெரியுமா, உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் சேமியா போட்ட கோழிக் குழம்பும் வைத்து மூடி அவர் வண்டியில் வைத்துவிட்டு வந்தேன். வேலை செய்த மச்சானைத் தட்டு கொடுக்காமல் யார் அனுப்புவார்கள்? மறுநாளும் வந்தார். மறுநாளும் தட்டு வைத்தேன். அடுத்த வாரம் காலையிலும் வர ஆரம்பித்தார்.

பிறகு ஒருநாள் சிங்கி இறால் தலைகளை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து வேரில் புதைத்தார். "இதுக்கு மிஞ்சின எரு ஒலகத்துலயே கெடையாது, ஏற்றுமதி எறாலாக்கும்" என்றார். தெருவில் இருக்கிற நாயெல்லாம் நம் வேலியில் வந்து தோண்டுகிறது, நாற்றம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது, செடியோ ஆள் உயரத்துக்குப் புதுக் கொடி கொடியாக நீட்டிக் கொழுகொழுவென்று பச்சையாக நிற்கிறது, ஒரு சொட்டு நிறமில்லை. பக்கத்து வீட்டு ஜெமைமா ஆன்ட்டிக்கு இதைவிட வேறு பொழுதுபோக்கு இல்லை. வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அடியே லோயிஸ், தண்ணி வேணாம்னா சோத்த ஏன்டி போடறே? நீ வெக்கிற கோழிக் கொழம்புக்கு அந்த மனுஷன் கடலையே மொண்டு ஊத்துவான்" என்று சிரிக்கிறாள். அவள் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது, தட்டை வைத்து வைத்து நானே அவரை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சரி, அத்தை வழியாகச் சொல்லிப் பார்ப்போம் என்று, காகிதப்பூவுக்குத் தாகம் இருந்தால்தான் நல்லதாம் அண்ணி என்று மெல்ல எடுத்துவிட்டேன். "தாகம் யாருக்குடி நல்லது? ரொம்பப் படிச்சா இப்படித்தான் ஆகும்போல" என்று துணியை வெட்டிக்கொண்டே சொன்னாள். அன்று மாமா இன்னொரு டிரம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வேலியோரமே இறக்கி வைத்தார்.

ஆகஸ்ட் முடிகிற சமயத்தில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. இனியாவது தண்ணீரை நிறுத்தினால்தான் கல் திறப்புக்குள் நிறம் வரும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. அன்று சாயங்காலம் தட்டில் சோறு வைத்தேன், குழம்பு ஊற்றினேன், மூடினேன், கதவு வரைக்கும் போனேன். கொண்டுபோய் வைக்கவில்லை ரோடா. ஜன்னல் துணிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் தண்ணீர் ஊற்றி முடித்தார், ஹோஸைச் சுற்றி வேலியில் மாட்டினார், வண்டிக்குப் பக்கத்தில் நின்று இருமினார், டயரைக் காலால் தட்டிப் பார்த்தார், ஏறி உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார், பிறகு போய்விட்டார். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் அவர் வரவில்லை, அத்தை வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "எம் புருஷன் என்ன கூலிக்காரனா, சோத்த நிறுத்தி வேலைய விட்டுப் போகச் சொல்றதுக்கு? அவரு ஒண்ணும் சொல்லல, தட்டு வரலன்னுகூட சொல்லல, பேசாம படுத்திருக்காரு. கல்ல வேற யாராவது தொறக்கட்டும்கறாரு" என்றாள். இல்லை அண்ணி, அது செடிக்காக அண்ணி என்றேன். "செடிக்காகவா!" என்று அவள் திருப்பிச் சொன்னபோது எனக்கே அது கேட்க அசிங்கமாக இருந்தது. நம் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கினவள் என்று என்னைச் சபை நடுவில் எழுப்பி நிறுத்தினார்களே, அன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை, அன்றாவது அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

அவர் இல்லாமல் கல் திறக்க முடியாது. வேறு மச்சான் இருக்கலாம், ஆனால் அப்பாவைக் குழியில் இறக்கும்போது தலைமாட்டில் கயிறு பிடித்தவர் பெனாயா மாமா, துணியின் முதல் முடிச்சை அவர்தான் அவிழ்க்க வேண்டும், வேறு ஒருவர் கை வைத்தால் ஏன் என்று தீவு முழுக்கக் கேட்கும், அப்பாவின் பெயர் அந்தக் கேள்வியோடு ஒட்டிக்கொண்டுவிடும். இது எனக்கு நன்றாகத் தெரிந்தும் தினமும் காலையில் எழுந்ததும் முதலில் போய்ச் செடியைத்தான் பார்த்தேன். மண் வெடித்தது. இலை சுருண்டது, பாதி கொட்டிவிட்டது. ஜெமைமா ஆன்ட்டி, "போச்சுடி, செடியும் போச்சு, மச்சானும் போச்சு" என்றாள். பிறகு ஒருநாள் கொடி நுனியில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு. அந்த வாரத்துக்குள் வேலி முழுக்கப் பற்றிக்கொண்டது. நான் இதுவரை அப்படிப் பார்த்ததில்லை, இலையே தெரியவில்லை, தெருவில் போகிற வண்டியெல்லாம் மெதுவாகப் போனது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து நின்று பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. ஒவ்வொரு கொத்தும் அந்த மனுஷன் மனம் நொந்து படுத்திருந்ததில் பூத்தது. மூன்று வீடு தள்ளி இருக்கிற அவர் வீட்டுக்குப் போக எத்தனையோ தடவை செருப்பை மாட்டினேன், சரிவில் பாதி இறங்கினேன், எதிரில் யாராவது வந்தால் கடைக்குப் போகிறவள் மாதிரி திரும்பிக் கடைக்குப் போய்விட்டேன், வீட்டில் இப்போது தேவைக்கு மேல் உப்பு இருக்கிறது.

நேற்று அவரே வந்தார். ஹோஸையும் டிரம்மையும் எடுத்துக்கொண்டு போக வந்தார். சாமானைத் திருப்பி எடுக்க ஒருவர் வந்தால் இனி அந்த வேலையைத் தொடமாட்டார் என்று அர்த்தம், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியிலிருந்து இறங்கினவர் அப்படியே நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றினார். வேலியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தார், ஒரு கொத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார், முள் குத்தி ரத்தம் வந்ததைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். நான் வெளியே வந்து படியில் நின்றேன், மன்னிச்சிடுங்க அண்ணா, தட்டு வைக்காதது செடிக்காகத்தான், தண்ணீர் ஊற்றினால் பூக்காது என்று வாக்கியம் முழுவதையும் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன், இந்த முறை சொல்லிவிடுவது என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் திரும்பி, முகமெல்லாம் வெளிச்சமாக, "பாத்தியா லோயிஸ், பாத்தியா! அம்புட்டுத் தண்ணியும் எங்கதான் போச்சுன்னு நெனச்சேன். எல்லாத்தையும் உள்ள வெச்சிருந்து இப்ப குடுக்குது பாரு" என்றார்.

எனக்குத் தெரிந்த செடிப் பாடம் முழுவதும் நாக்கு நுனியில் நின்றது. ஆமா அண்ணா என்றேன். நீங்க ஊத்தினதுதான் அண்ணா என்றேன். உள்ளே ஓடி, மத்தியானத்துச் சோறும் பொரித்த மீனும்தான் இருந்தது, அதைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தேன். வேலியருகில் நின்றுகொண்டே சாப்பிட்டார். "மச்சான் இதப் பாத்திருந்தா, முள்ளுச் செடிக்கா மாமாங்கமா தண்ணி ஊத்தினேன்னு என்னைக் கிண்டல் பண்ணியிருப்பான்" என்று சிரித்துவிட்டு, சிரித்தவாறே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல் எப்படி நிற்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தார், காலை வெயில் எழுத்தின் மேல் விழுகிற மாதிரி நிறுத்தப் போவதாகச் சொன்னார். முடிச்சை யார் அவிழ்ப்பது என்று நான் கேட்கவில்லை, கேட்க வேண்டியிருக்கவில்லை. தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, வேலியில் மாட்டியிருந்த ஹோஸை எடுத்தார், இன்னும் பாதித் தண்ணீர் இருந்த வேலியோர டிரம்மில் செருகினார், திறந்துவிட்டார்.

இன்று ஆராதனைக்கு முன்னால் ஒரு தடவை வந்துபோனார். கோயிலில் என் தண்ணி என் தண்ணி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் விசிறியை எனக்கும் சேர்த்து விசிறினாள். சாயங்காலம் மறுபடி வருவார், கோழி அடுப்பில் இருக்கிறது. சற்று முன் போய்ப் பார்த்தேன், அடிக் கிளையில் கொத்துக்குப் பக்கத்திலேயே புதுப் பச்சை துளிர்த்திருக்கிறது, சில கொத்துகள் தொட்டதும் உதிர்கின்றன. மூன்றாவது சனிக்கிழமை வரைக்கும் தாங்குமா என்று எனக்குத் தெரியவில்லை, தாங்கும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது, அடுத்த நேரம் தோன்றவில்லை. ஜெமைமா ஆன்ட்டி இப்போதே வெட்டி ஐஸ் பெட்டியில் வை என்கிறாள், காகிதப்பூ வெட்டினால் மாலைக்குள் வதங்கிவிடும், அவளுக்கு அது தெரியாது. கோயில் முடிந்து வரும்போது அத்தை வீட்டில் நின்று, அந்தப் பிளாஸ்டிக் பூப் பெட்டியையும் பிரித்துத் தயாராக வையுங்கள் அண்ணி என்று நானே சொல்லிவிட்டு வந்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பெட்டியைப் பிரிக்கக் கத்தரிக்கோலைத் தேடப் போனாள்.

ஒரு கொத்தை உனக்காக இந்த உறைக்குள் வைக்கலாம் என்று எடுத்தேன், செடி கொடி எதையும் தீவை விட்டு வெளியே அனுப்பக் கூடாது என்ற சட்டம் நினைவு வந்து மேஜையிலேயே வைத்துவிட்டேன். நீதான் வந்து பார்க்க வேண்டும். விடுமுறை கேட்கிறேன் கேட்கிறேன் என்று எழுதுகிறாய், நாளைக்கே போய்க் கேள், மேலே இருக்கிறவர்களிடம் பேச உனக்கும் என்னைப் போலத் தயக்கம், ஆனால் இதற்குத் தயங்காதே. ஹார்ன் தீவில் விமானத்திலிருந்து இறங்கினதும் படகுக்கு ஓடாதே, நிழலில் நில், தொப்பி கொண்டுவா, அந்தக் குளிருக்குப் பழகின உடம்பு இந்த வெயிலில் கிறுகிறுத்துவிடும். உன் அளவை அத்தைக்கு அனுப்பு.

இன்னொன்று, இதை மறக்காதே. நீ வந்து இறங்கும்போது மாமா கட்டாயம் துறையில் நிற்பார், நேராக வேலிக்குத்தான் உன்னை அழைத்துவருவார். பூ இருந்தால், மாமா, உங்க தண்ணி என்று சொல். வெறும் பச்சையாக நின்றாலும் அதையே சொல்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. என் கை எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது, அப்பாவுடையதும் சேர்த்து.

உன்னை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
லோயிஸ்